ரெண்டு வெட்டுக்கு நடுவுல

ட்ரோனுட ராடார நிப்பாட்டிப்போட்டுப் பறக்க விடுற ஆக்கள எனக்குக் கண்ணுல காட்டக் கூடாது. வயல் வட்டையில பயிருக்குப் பூச்சி எண்ணெய் அடிக்கப் போற இடமெல்லாம் இந்தச் சண்டைதான். "தங்கச்சி, கொக்கு வந்தாலும் நிக்கிது, தென்னமட்ட ஆடினாலும் நிக்கிது. அத நிப்பாட்டிட்டு அடிங்களன், கெதியா முடியும்" எண்டுவாங்க. மிசினத் தூக்கி லொறியில வெச்சிட்டு வீட்ட வந்துடுவன். எங்கட மிசின் மருந்து அடிக்கிற பெரிய ட்ரோன். விசிறி ஒவ்வொண்டும் கார்பன், என்ட கையளவு நீளம், சுத்துற நேரம் கண்ணுக்கே தெரியாது. ஆள் மேல பட்டா பள்ளிவாசல்ல மவுத்து அறிவிக்க வேண்டியதுதான்.

ராடார் எண்டா பெரிய வித்தையில்ல. மிசின் ஒரு அலைய அனுப்பும். எதிர்ல ஏதும் இருந்தா அதுல பட்டுத் திரும்பி வரும். திரும்பி வந்தா மிசின் நிண்டுடும், இல்லாட்டி விலகிப் போகும். முன்னுக்கும் பின்னுக்கும் பாக்கிறது ஒண்டு, அடியில நிலத்தப் பாத்து உயரத்தப் பிடிக்கிறது ஒண்டு. மழை, புகை, எண்ணெய்த் தூவல், ஒண்டுக்கும் அது ஏமாறாது. கொழும்புல பயிற்சி எடுத்த நேரம் எங்களுக்கு முதல் நாளே சொன்னது, மிசினுக்கு ஆளும் மரமும் ஒண்டுதான், எல்லாம் தடைதான் எண்டு. கேட்டு நான் சிரிச்சன்.

பறக்க விடுறது நான். எண்ணெய் கலக்கிறது, பெற்றரி மாத்துறது, வரம்புல நிக்கிற ஆக்கள விலத்துறது எல்லாம் என்ட மாப்பிள்ள றுமைஸ். நான் ஏசுறது, அவரு சிரிக்கிறது. எங்கட தொழிலும் குடும்பமும் அப்பிடித்தான் ஓடுது.

அந்த மார்கழி மழை விட்டபாடில்ல. வட்டை முழுக்கத் தண்ணி, பயிர் மூழ்கிக் கிடக்கு. ஆத்துத் தண்ணி கடலுக்குப் போற முகத்துவாரத்த மணல்திட்டி அடைச்சிக்கொண்டு நிண்டிச்சி. இது வருசா வருசம் நடக்கிறதுதான். வெள்ளாமைக்காரரும் மீன்காரரும் பள்ளியில கூடுவாங்க, எந்த இடத்துல வெட்டுற எண்டு கதைச்சி முடிவெடுப்பாங்க, துஆ ஓதி ஒரே ஒரு இடத்துல மணல வெட்டி விடுவாங்க. தண்ணி தானா அரிச்சிக்கொண்டு கடலுக்குப் போயிடும். ஒரு இடத்துலதான் வெட்டணும். அது சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

இந்த வருசம் சைத்தான் எல்லாருட தலையிலயும் ஏறி இருந்திட்டான். தெற்கால வெட்டினா கரைவலை இழுக்கிற இடம் போயிடும், வடக்கால வெட்டுங்க எண்டு மீன்காரர். வடக்கால வெட்டினா தண்ணி வடியச் சுணங்கும், பயிர் அழுகிடும் எண்டு எங்கட ஆக்கள். கதை முத்தி, ஆளுக்காள் கை நீட்டி, துஆவும் ஓதாம எழும்பிப் போயிட்டாங்க. மறுகா என்ன செஞ்சாங்க தெரியுமா? ரெண்டு பகுதியும் ஒரே நாள்ல, ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம, தங்கட தங்கட இடத்துல வெட்டத் தொடங்கிட்டாங்க. எங்கட ஆக்கள் மண் தோண்டுற பெக்கோ கொண்டு வந்து தெற்கால. அவங்க மண்வெட்டியோட வடக்கால. இப்பிடி ஒரு மொக்கு வேலைய எங்கட ஊரத் தவிர வேற எவனும் செய்யமாட்டான்.

நான் தெற்குக் கரையில நிண்டன். விவசாயச் சங்கத் தலைவர் றஸாக் காக்காதான் எங்கள வரச்சொன்ன. தண்ணி எதுவரைக்கும் நிக்கிதெண்டு மேல இருந்து பாத்துச் சொல்லணுமாம். ட்ரோன எழுப்பின உடனே திரையில வடக்கால மண்வெட்டி ஏறி இறங்கிறது தெரிஞ்சிச்சி. றுமைஸ் எட்டிப் பாத்திட்டு முகம் கறுத்திட்டாரு.

"அங்காலயும் வெட்டுறாங்க புள்ள. ரெண்டு பக்கமும் தொறந்தா நடு மணல் நிக்காது. போய்ச் சொல்லிட்டு வாறன்."

"அவங்களோட உங்களுக்கென்ன கதை? றஸாக் காக்கா போகட்டுமே."

"அவரு போனா அடிபிடிதான். நான் போறன்."

கையில இருந்த போன லொறியில வெச்சிட்டு, சாறன மடிச்சிக் கட்டிக்கொண்டு, மணல்திட்டிமேல நடந்து போனாரு. பெக்கோக்காரனப் பாத்து, நான் வரும் வரைக்கும் நிப்பாட்டு எண்டு கையக் காட்டினாரு. அவன் நிப்பாட்டினான். ஆனா மணல் நிப்பாட்டல்ல. கால்வாய்க்குள்ள ஆத்துத் தண்ணி எட்டிப் பாத்திச்சி, முதல்ல ஒரு சின்ன ஓட்டம், மறுகா ரெண்டு பக்கமும் மணல் பிளந்து பிளந்து விழத் தொடங்கிட்டு. பெக்கோவ பின்னால எடுக்கவே பெரும்பாடு. நான் றுமைஸத் தேடினன். அவரு பாதி வழியில திரும்பி ஓடி வாறாரு. வந்து பாத்தா முன்னால தண்ணி. திரும்பி வடக்கால ஓடினாரு. அங்கயும் அதுக்குள்ள தொறந்திட்டு.

நடுவுல ஒரு மணல் துண்டு, அதுமேல என்ட மாப்பிள்ள. ரெண்டு பக்கமும் மண்ணிறத் தண்ணி கடலுக்கு அடிச்சிக்கொண்டு போகுது. முன்னால அலை, பின்னால ஆறு. மணல் நிண்ட நிலையிலயே குறைஞ்சிகொண்டு வருது. வட்டையில வளந்த மனிசன், இடுப்பளவு தண்ணிக்கு மேல அவருக்கு ஒண்டும் தெரியாது. நான் கத்தினன். அந்தத் தண்ணி இரைச்சல்ல என்ட சத்தம் எனக்கே கேக்கல்ல.

படைக்காரருக்குச் சொல்லியாச்சி. றோட்டுல வெள்ளம், சுத்தித்தான் வரவேணும் எண்டாங்க. தோணி விடேலாது, ஆறும் கடலும் மோதிற இடத்துல தோணி நேரா நிக்காது. கயிறு எறிஞ்சி பாத்தாங்க, பாதி கூடப் போகல்ல. றஸாக் காக்கா என்னப் பாத்தாரு. எல்லாரும் என்னத்தான் பாத்தாங்க.

மிசின இறக்கி, எண்ணெய்த் தாங்கியக் கழட்டினம். காலுல மெல்லிய தங்கூசி நூலக் கட்டினம், நூலுட மற்ற நுனியில தடிச்ச நைலோன் கயிறு. நூல் அவருட கைக்குப் போனா, இழுத்துக் கயித்த எடுக்கலாம். நூலுல ஒரு துண்டு கீழ தொங்க விட்டம், எட்டிப் பிடிக்கிறதுக்கு. காத்துக்கு ஆடக் கூடாதெண்டு றஸாக் காக்கா பெக்கோவுட இரும்பு ஆணி ஒண்டக் கொண்டு வந்து அதுல கட்டினாரு. எனக்கும் அது நல்லதாத்தான் பட்டிச்சி. பிஸ்மில்லாஹ் சொல்லி எழுப்பினன்.

போயிட்டு. தண்ணியத் தாண்டி, நேரா அவருட தலைக்கு மேல போயிட்டு. அவரு கைய உயத்தினாரு. நான் இறக்கினன். மிசின் இறங்காம மேல ஏறுது. திரும்ப இறக்கினன், திரும்ப ஏறுது. அவரு பாஞ்சி பிடிக்கப் போறாரு, ஒரு முழம் தப்பிப் போகுது. என்ன கோதாரி இது எண்டு திரையப் பாத்தாத்தான் விளங்கிச்சி. அடி ராடார் அந்த இரும்ப நிலம் எண்டு நினைக்கிது. இரும்பு ஆடி மிசின்ட வயித்துக்கு நேர வாற நேரமெல்லாம், நிலம் கிட்ட வந்திட்டெண்டு மிசின் மேல ஓடுது.

சரி, கீழ போய்ப் பக்கவாட்டுல கொண்டு போவம் எண்டு கடல் பக்கத்தால தாழ்த்தி அவருக்கு நேர செலுத்தினன். கிட்டப் போகயில மிசின் நிண்டிட்டு. ஒரு அடி முன்னுக்குப் போகமாட்டனெண்டு நிக்கிது. றுமைஸ் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு அதுக்கிட்ட வந்தாரு. அது பின்னுக்குப் போயிச்சி. அவரு ஓடினாரு. அது இன்னும் பின்னுக்குப் போயிச்சி. பாவம் மனிசன், நான்தான் பின்னுக்கு எடுக்கிறனெண்டு நினைச்சிருப்பாரு. அது போறது கடல் பக்கம். அவரு மிசினப் பாத்துக்கொண்டு ஓடுறாரு, காலடியப் பாக்கல்ல.

"நில்லுங்க! நில்லுங்க!" எண்டு நான் கத்தினது எங்க கேக்கிற? விளிம்பு மணல் பிளந்து அவருட ஒரு கால் உள்ள போயிட்டு. கையூண்டி, ஒருமாதிரித் தவழ்ந்து மேல வந்தாரு. நான் மிசின உடனே கரைக்குத் திருப்பி எடுத்தன். அவரக் காப்பாத்தப் போன மிசினுக்கு அவரு ஒரு மரம். விலகிப் போக வேண்டிய ஒரு தடை. அதுக்கு நான்தான் அப்பிடிப் படிப்பிச்சி வெச்சிருக்கன்.

"ராடார நிப்பாட்டேலாதா?" எண்டு றஸாக் காக்கா மெல்லமாக் கேட்டாரு. நான் அவர முறைச்சன். ஏனெண்டா நானும் அதைத்தான் நினைச்சிக்கொண்டு நிண்டன்.

நிப்பாட்டினா மிசின் குருடு. எல்லாம் என்ட கண்ணும் கையும்தான். மிசின்ட கமறாவில உப்புத்தண்ணி அடிச்சித் திரை முழுக்கப் பால் ஊத்தினமாதிரி. கரையில இருந்து பாத்தா இடம் வலம் தெரியும், ஆனா மிசின் அவருக்கு முன்னால நிக்கிதா, பின்னால நிக்கிதா, அது தெரியாது. ஒரு முழம் பிழைச்சா விசிறி அவருட கழுத்துல.

அந்த நேரம் றஸாக் காக்காட போன் அடிச்சிச்சி. பாத்திட்டுச் சாறன் மடியில வெச்சிட்டாரு.

"ஆரு?"

"அந்த ஜவுபர். வடக்கால வெட்டினவன். இப்ப என்னத்துக்குக் கதைக்கிறான்?"

திரும்ப அடிச்சிச்சி. நான் மடியில இருந்து போனப் பறிச்சன். ஒரு ஆம்புளைட மடியில கைய விட்டுப் பறிச்சன் எண்டு மறுகாத்தான் நினைவு வந்திச்சி.

"றஸாக் காக்கா, நான் ஆத்துக்குள்ள தோணியில..."

"நான் றுமைஸ்ட பொஞ்சாதி," எண்டன். "உங்கட வெட்டாலதான் என்ட மனிசன் அங்க நிக்கிறாரு."

"ஓம் புள்ள. ஏசுறதெண்டா மறுகா ஏசு, வந்து நிண்டு கேக்கிறன். இப்ப இதக் கேளு. நான் உள்பக்கம் நங்கூரம் போட்டு நிக்கிறன். நீ நேரால பாக்கிற, நான் பக்கத்தால பாக்கிறன். மிசின் முன்னால நிக்கிதா பின்னால நிக்கிதா எண்டு எனக்கு வடிவாத் தெரியிது. நான் சொல்றன், நீ ஓட்டு."

நிமிந்து பாத்தன். ஆத்துப் பக்கம், தண்ணி இழுவைக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு நீலத் தோணி. அதுல ஒரு ஆள் எழும்பி நிண்டு கைய ஆட்டுறான்.

"அவன நம்பாத புள்ள," எண்டாரு றஸாக் காக்கா.

"உங்களுக்குத் தெரியுதா முன்னால பின்னால? எனக்குத் தெரியுதா? தெரியிறவன் அவன் ஒருத்தன்தான். வாயப் பொத்திக்கொண்டு நூலப் பிடிங்க!" எண்டன். அவருக்கு என்ட வாப்பாட வயசு. அப்பிடி ஒருநாளும் அவரோட நான் கதைச்சதில்ல.

போன ஸ்பீக்கர்ல போட்டுத் தலையில போட்டிருந்த தாவணிக்குள்ள காதோட சொருகினன். இரும்பக் கழட்டி எறிஞ்சன். தொங்க விட்டா காத்து கொண்டு போகும், அவருக்குப் பக்கத்துல மணல்ல இறக்கத்தான் வேணும். அதுக்கு அவரு நிண்டுகொண்டு இருக்கேலாது, படுக்கணும். எப்பிடிச் சொல்ற? அவருட போன் லொறியில. நான் பெக்கோக்காரனுக்குச் சொன்னன், படு எண்டு. அவன் முழிச்சான். "படுடா! எல்லாரும் படுங்க! அவரு பாக்கட்டும்!"

கரையில நிண்ட அவ்வளவு ஆம்புளையும் ஈரமணல்ல குப்புறப் படுத்தாங்க. றஸாக் காக்காவும் வெள்ளைச் சேட்டோட படுத்தாரு. வேற நாளெண்டா நான் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பன். அங்கால றுமைஸ் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டாரு. மறுகா அவரும் படுத்தாரு.

நான் ராடார நிப்பாட்டினன். திரை சிவப்பாகி, நிச்சயமா எண்டு கேட்டிச்சி. ஓம் எண்டு அழுத்தினன். திரும்பவும் கேட்டிச்சி. நாசமாப்போன மிசின், எத்தின தரம் கேக்கும்? திரும்பவும் ஓம் எண்டு அழுத்தி எழுப்பினன்.

"வா புள்ள," எண்டான் ஜவுபர். "இன்னும் வா. இன்னும். நில்லு. தாண்டிட்டாய், எங்கட வடக்குப் பக்கம் வந்திட்டு. பின்னுக்கு எடு. மெல்ல, மெல்ல. நில்லு. இப்ப அவருட கால்மாட்டுல நிக்கிது. அங்கயே இறக்கு."

"கால்மாட்டுல மணல் இருக்கா?"

"இருக்கு. கொஞ்சம்தான் இருக்கு. கெதியா இறக்கு."

யா அல்லாஹ் யா அல்லாஹ் எண்டு வாய் சொல்லுது, கை அதுட பாட்டுல வேலை செய்யிது. இறக்கினன். விசிறிக் காத்துக்கு அவருட சாறன் படபடக்கிறது தெரிஞ்சிச்சி. "இன்னும் ஒரு ஆள் உயரம்," எண்டான். "பாதி. ஆ, தொட்டிட்டு!"

தொட்டது உண்மை. ஆனா ஒரு கால் மணலுக்குள்ள போயிட்டு. மிசின் அவருட பக்கம் சரிஞ்சிச்சி. நான் நிப்பாட்டு விசைய அமத்தினன். அமத்தின அந்த இமைப்பொழுதுக்குள்ள அவரு பாதி எழும்பி அதத் தடுக்கக் கைய நீட்டினாரு. விசிறி அதுல பட்டிச்சி. நான் கண்டன். அவருட உடம்பு சுருண்டதக் கண்டன்.

"புள்ள," எண்டான் ஜவுபர்.

"உசிரோட இருக்காரா? கதைங்க! உசிரோட இருக்காரா?"

"எழும்புறாரு. கையில இரத்தம். எழும்பிட்டாரு புள்ள, எழும்பிட்டாரு."

சேட்டக் கழட்டி வலது கையில சுத்தினாரு. இடது கையாலயும் பல்லாலயும் மிசின் காலுல இருந்த முடிச்ச அவிழ்த்தாரு. அது நான் இறுக்கிப் போட்ட முடிச்சி. பொறுக்கி, இவ்வளவு இறுக்கமா ஏன்டி போட்ட எண்டு என்னை நானே ஏசினன். நூல மணிக்கட்டுல சுத்திச் சுத்தி இழுத்தாரு. தடிச்ச கயிறு தண்ணிக்குள்ள பாம்புமாதிரி வளைஞ்சி வளைஞ்சி போய்ச் சேந்திச்சி. அத நெஞ்சச் சுத்திக் கட்டிக்கொண்டிருக்கயில கால்மாட்டு மணல் விழுந்திட்டு. எங்கட மிசின் ஒருக்காப் புரண்டு தண்ணிக்குள்ள போயிட்டு. அதப் பாக்க எனக்கு நேரமில்ல.

"இழுங்க!" எண்டாரு றஸாக் காக்கா.

"பொறுங்க!" எண்டு காதுக்குள்ள ஜவுபர். "பெரிய அலை ஒண்டு வருது, அது ஆத்துத் தண்ணியத் தள்ளிப் பிடிக்கும், அப்ப இழுங்க. பொறு. பொறு புள்ள."

"பொறுங்க!" எண்டு நான் கத்தினன். ஒருத்தரும் அசையல்ல. மணல் துண்டு இப்ப ஒரு பாயளவுதான். றுமைஸ் அதுல முழங்கால்ல நிக்கிறாரு. என்ட வாழ்நாள்ல அப்பிடி ஒரு பொறுமைய நான் பிடிச்சதில்ல.

"இப்ப!"

"இப்ப! இழுங்க!"

அவரு தண்ணிக்குள்ள விழுந்தாரு. கயிறு விறைச்சிச்சி. எல்லாரும் மணல்ல குதி பதிச்சிப் பின்னுக்குச் சாஞ்சாங்க. ரிமோட்ட எறிஞ்சிட்டு நானும் பிடிச்சன். தலை தெரிஞ்சிச்சி, காணாமப் போயிட்டு, திரும்பத் தெரிஞ்சிச்சி. மறுகா கன நேரம் தெரியல்ல. கயிறு மட்டும் பாரமா வந்திச்சி. பாரம் வாறதுதான் எங்களுக்கு ஆறுதல். பெக்கோக்காரன் இடுப்பளவுல இறங்கி, கையப் போட்டு, சாறன்ல பிடிச்சி இழுத்தெடுத்தான்.

குப்புறப் போட்டு அமத்தினம். தண்ணி தண்ணியா வந்திச்சி. மறுகா இருமினாரு. கண்ணத் தொறந்து என்னப் பாத்திட்டு, "இரிக்கிறன் புள்ள," எண்டாரு. காதுக்குள்ள ஜவுபர், "வந்தாரா? சொல்லு புள்ள, வந்தாரா?" எண்டு கேட்டுக்கொண்டே இருந்தாரு. நான் ரெண்டு கையாலயும் அவரப் பிடிச்சிக்கொண்டு இருந்தன். றஸாக் காக்கா என்ட தாவணிக்குள்ள இருந்து போன எடுத்து, "வந்திட்டாரு தம்பி. அல்ஹம்துலில்லாஹ்," எண்டாரு.

லொறியில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியெல்லாம் அவருட கைய நான் நெஞ்சோட பிடிச்சிருந்தன். சேட்ட அவிழ்க்க எனக்குத் தைரியம் இல்ல. அங்க டொக்டர்தான் அவிழ்த்தாரு. சின்ன விரலும் பக்கத்து விரலும் அடியோட இல்ல. தேடிப் பொருத்தலாமா எண்டு கேட்டாரு. கடலுக்குப் போயிட்டு எண்டன்.

"எப்பிடி நடந்த?" எண்டு டொக்டர் கேட்டாரு.

றுமைஸ் என்னப் பாக்கல்ல. "கயிறு சுத்தி இழுத்த, டொக்டர். தண்ணி வேகம்," எண்டாரு.

மனிசன் பல்லக் கடிச்சிக்கொண்டு கிடக்கிறாரு. அந்த நிலையிலயும் எனக்காகப் பொய் சொல்றாரு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்ல. அழுகையும் அதோட சேந்து வந்திட்டு.

"பொய் சொல்லாதீங்க," எண்டன். டொக்டருட பக்கம் திரும்பினன். "கயிறு இல்ல டொக்டர். மிசின்ட விசிறி. நான்தான் இறக்கின. ரெண்டு விரலக் குடுத்திட்டு மிச்ச மனிசன எடுத்தன். அப்பிடியே எழுதுங்க."